ஓபனிங்கும் பழைய படமும்: ரசிப்பதற்காகவே ஆடுகிறவர்கள் இங்கே உண்டா?

வேளிமலை (தக்கலை)

செஸ்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள், அதாவது ஓபனிங். சினிமாவில் பிடித்தது கறுப்பு வெள்ளைப் படங்கள். இரண்டையும் ஏன் ஒரே இழையில் கொண்டுவருகிறேன் என்றால், முடிவு தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப உட்கார வைப்பவை இவை இரண்டும்தான்.

‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்துப்போகிறார். அப்புறம் ஒவ்வொருவராக வந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது கொன்றது யார் என்பதிலேயே மனது நிற்கும். அது தெரிந்த பிறகு பார்த்தால்தான் ஒவ்வொரு சாட்சியும் எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்துகிறார், எங்கே அவசரமாகப் பேசுகிறார் என்பதெல்லாம் தெரிய வருகிறது.

செஸ்ஸிலும் அதே கதைதான். 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கின் பெட்டி இருக்கையில் உட்கார்ந்து பால் மார்ஃபி ஆடிய ஆட்டம் 17 நகர்த்தலில் முடிந்துவிட்டது. ராணியைக் கொடுத்துவிட்டு யானையால் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) வைக்கிறார் என்பது செஸ் புத்தகம் புரட்டிய எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மரப்பலகையில் காய்களை அடுக்கி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நின்று யோசித்து ஆடிப் பார்க்கும் சுகம் தனி.

இப்போது யாரைப் பார்த்தாலும் ரேட்டிங் (ஆடுகிறவரின் பலத்தைக் காட்டும் புள்ளி) பேச்சுதான். கைபேசியில் ஆட்டம் முடிந்த கையோடு கம்ப்யூட்டர் வந்து இது தப்பு, அது சரி என்று நிறம் பூசிவிடுகிறது. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்குகிற கிங்ஸ் கேம்பிட் ஓபனிங் 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஆடப்பட்டது. இன்றைய எஞ்சினுக்கு, அதாவது செஸ் கம்ப்யூட்டருக்கு, அது பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும், அதனால் ஆடுகிறேன். போட்டிக்குப் போகிற உத்தேசம் எனக்கு இல்லை.

நீங்கள் ஓபனிங்கை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? பிடித்ததையா, பலன் தருவதையா? பழைய படம் பார்க்கிறவர்களும் எழுதுங்கள்.

---

வடசேரி வியாபாரி

நான் ஆடும் ஓபனிங் லண்டன் சிஸ்டம். டி4, பிஷப் எஃப்4, ஈ3, சி3 (எழுத்தும் எண்ணும் காய் போய் நிற்கும் கட்டம்; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய்). எதிராளி என்ன செய்தாலும் என் காய்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும். கடை சாத்திவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் ஆடுகிறவனுக்கு இது போதும். லண்டனில் ரசனை இல்லை என்று சொல்கிறவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. அமைதியாகக் காய்களை அடுக்கி நடு ஆட்டத்துக்குப் போவதும் ஒரு ரசனைதான்.

படம் என்றால் ‘காதலிக்க நேரமில்லை’. டிவியில் எப்போது போட்டாலும் சேனல் மாற்ற மாட்டேன். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அத்தனையும் தெரியும், இருந்தும் அந்த மனிதர் பயப்படுகிற பயம் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கிறது. வேளிமலை அண்ணன் சொன்ன முடிவு தெரிந்த சுகம் என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

---

ஆசாரிபள்ளம் செஸ் மாஸ்டர்

ரசிகனுக்கு அண்ணன் சொல்வது சரி. ஆட வருகிற பிள்ளைகளுக்கு அது ஆபத்து.

சனி, ஞாயிறில் பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஒரு கூட்டம் வந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதும் இன்னொரு கூட்டம் வந்தது. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீடியோ பார்த்து ஏதாவது ஒரு ஓபனிங்கைப் பதினைந்து நகர்த்தல் வரை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே அதில் இல்லாத ஒன்றை ஆடினால் கை அந்தரத்தில் நிற்கிறது. ஒரு யானையும் இரண்டு சிப்பாயும் மிச்சமிருக்கும்போது ராஜாவை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த உலக சாம்பியன் போட்டியின் குகேஷ் – டிங் லிரன் 14ஆவது ஆட்டத்தையே பாருங்கள். ஓபனிங்கில் ஒன்றும் முடிவாகவில்லை. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் அது. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, அடுத்து பிஷப்பையும் டி5இல் வைத்து மாற்றச் சொன்னார். மிச்சம் வெறும் ராஜாவும் சிப்பாயும். அங்கேதான் பட்டம் கைமாறியது.

இன்னொருவர் மிர் சுல்தான் கான். பஞ்சாப்காரர், நம் நாட்டு விதிகளில் ஆடி வளர்ந்தவர். இங்கிலாந்துக்குப் போய் 1929, 1932, 1933 என்று மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மேற்கத்திய ஓபனிங் படிப்பு அவருக்கு மிகக் குறைவு. 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காபபிளாங்காவையே தோற்கடித்தார். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்கு கிராண்ட்மாஸ்டர் கௌரவம் கொடுத்தது 2024இல். அதற்குள் அவர் காலமாகிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஓபனிங் தெரியாமலும் செஸ் ஆடலாம், எண்ட்கேம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) தெரியாமல் ஆட முடியாது என்பதற்கு அவரைத்தான் எப்போதும் சொல்வேன்.

---

முட்டம் கரை

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. கூடவே தென்மேற்குப் பருவமழை. எங்கள் பக்கம் செஸ் போர்டு வெளியே வருவது அந்த நாட்களில்தான். வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு பக்கம் ரெண்டு பேர் வலையைச் சரிசெய்வார்கள், இன்னொரு பக்கம் ரெண்டு பேர் ஆடுவார்கள், சுற்றி நிற்கிற எல்லாரும் நகர்த்தல் சொல்லுவார்கள்.

எனக்குப் பிடித்த ஓபனிங் எவன்ஸ் கேம்பிட். காரணம் கேட்டால், அதைக் கொண்டுவந்தவர் ஒரு கப்பல் கேப்டன். வில்லியம் டேவிஸ் எவன்ஸ், வேல்ஸ்காரர், 1820களில். இத்தாலியன் ஆட்டம் என்ற ஓபனிங்கில் கறுப்பு பிஷப் சி5இல் உட்கார்ந்ததும், வெள்ளை பி4 என்று ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கி முன்னால் வைக்கிறது. எடுத்துக்கோ என்கிறது. அவன் எடுத்ததும் சி3 ஆடி அந்த பிஷப்பை விரட்டி, நடுக்களத்தில் டி4 போடுவதற்கு நேரம் சம்பாதிக்கிறது. கடலில் இருக்கிறவனுக்கு நேரத்தின் அருமை தெரியும். காற்று திரும்புவதற்குள் கரை சேருவதற்காகக் கொஞ்சம் மீனைக் கடலிலேயே விடுகிறவர்கள் நாங்கள். இந்த நகர்த்தலை ஒரு கடலோடி கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மாஸ்டர் சாருக்கு ஒன்று. ரசனை வேறு, பலன் வேறு என்று பிரிக்க வேண்டாம். 1995இல் ரிகாவில் காஸ்பரோவ் இதே எவன்ஸ் கேம்பிட்டை ஆனந்துக்கு எதிராக எடுத்தார். யாரும் கவனிக்காமல் கிடந்த ஓபனிங். 25 நகர்த்தலில் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

படத்தைப் பற்றிச் சொன்னால், எங்கள் ஊரிலேயே ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்தார்கள். அதற்குமேல் நான் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

---

வேளிமலை (தக்கலை)

மாஸ்டர், மறுக்கவில்லை. எண்ட்கேம் படிக்காமல் யாரும் முன்னேற முடியாது. ஆனால் நான் மனப்பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பழைய ஆட்டத்தை நிதானமாகப் பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன். மார்ஃபியின் அந்த ஆட்டத்தையே எடுத்து வைக்கிறேன், போர்டு இருக்கிறவர்கள் கூடவே ஆடிப் பாருங்கள்.

எதிரே இருவர்: பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார்ட் பிரபுவும். இருவரும் கலந்து பேசி ஆடுகிறார்கள். மார்ஃபிக்கு அப்போது வயது 21. ஈ4 ஈ5, குதிரை எஃப்3, டி6. இது ஃபிலிடோர் டிஃபென்ஸ். அடுத்து டி4, கறுப்பு பிஷப் ஜி4. சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, கறுப்பு தன் பிஷப்பை எஃப்3 குதிரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. ஏழாவது நகர்த்தலில் வெள்ளை ராணி பி3க்கு வருகிறது. ஒரே நேரத்தில் எஃப்7க்கும் பி7க்கும் குறி. கறுப்பு ராணி ஈ7க்கு வந்து எஃப்7ஐக் காக்கிறது.

இங்கே நிறுத்துங்கள். பி7 சிப்பாய் சும்மா கிடக்கிறது. ராணியால் எடுத்தால் என்ன? எடுக்கலாம். கறுப்பு ராணி பி4இல் வந்து செக் கொடுக்கும், ராணிகள் மாறிப்போகும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். நிதானமாக ஜெயிக்கலாம். கணக்குப் பார்க்கிறவன் அதைத்தான் செய்வான். மார்ஃபி எட்டாவது நகர்த்தலாகக் குதிரையை சி3க்குக் கொண்டுவருகிறார். இன்னும் ஆட்டத்துக்கு வராத ஒரு காயை வெளியே எடுக்கிறார், அவ்வளவுதான். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த நகர்த்தல் இதுதான், கடைசி ராணித் தியாகம்கூட அடுத்துதான்.

அப்புறம் பிஷப் ஜி5, கறுப்பின் எஃப்6 குதிரை கட்டுண்டு கிடக்கிறது. கறுப்பு பி5 என்று சிப்பாயைத் தள்ளி விரட்டப் பார்க்கிறது. மார்ஃபி ஓடவில்லை. குதிரையையே கொடுத்து இரண்டு சிப்பாயை எடுத்துக்கொண்டு பிஷப்பால் செக் வைக்கிறார். 12ஆவது நகர்த்தலில் ராணிப் பக்கம் கோட்டை கட்டுகிறார். ராஜாவைப் பத்திரப்படுத்துகிற அதே நகர்த்தலில் யானை டி கோட்டில் வந்து நிற்கிறது. அந்த யானையை டி7இல் கொடுத்துவிட்டு மற்ற யானையை டி1க்குக் கொண்டுவருகிறார். 16ஆவதாக ராணி பி8இல் செக், குதிரை வெட்டியே ஆக வேண்டும். 17, யானை டி8, மேட்.

ஆட்டம் முடிந்ததும் கறுப்புப் பக்கத்தைப் பாருங்கள். எஃப்8 பிஷப்பும் ஹெச்8 யானையும் தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றன, ஒரு கட்டம்கூட நகரவில்லை. வெள்ளைக்கு அப்படிச் சும்மா நின்ற காய் ஒன்றுமில்லை. காய்களை வெளியே கொண்டுவா, கோட்டை கட்டு என்று நீங்கள் பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்வதை இந்த ஒரு ஆட்டம் கண்ணால் காட்டிவிடுகிறது. ரசித்துப் பார்த்த பையன் இதை மறக்க மாட்டான்.

---

குழித்துறைக்காரி

சதுரங்கமும் பழைய படமும் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’, 1977. பிரேம்சந்த் கதை. 1856இல் அவத் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள். லக்னோவில் மிர்ஸாவும் மீரும் அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். சஞ்சீவ் குமாரும் சயீத் ஜாஃப்ரியும். மிர்ஸாவின் மனைவியாக ஷபானா ஆஸ்மி. கணவன் தன் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று காய்களையே எடுத்து ஒளித்துவிடுகிறார். இவர்களோ கையில் கிடைத்த காய்கறிகளை வைத்து ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். ஆண்கள் இந்தக் காட்சிக்குச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பெண் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

அந்தப் படத்தில் இங்கிலீஷ்காரர் விதியை ஒருவர் இவர்களுக்கு விளக்குகிற இடம் உண்டு. சிப்பாய் முதல் அடியிலேயே இரண்டு கட்டம் போகலாம், மந்திரி இருந்த இடத்தில் ராணி, ஆட்டம் சீக்கிரம் முடியும். எங்கள் தாத்தா ஆடியது பழைய விதிதான். சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும், ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம், கோட்டை கட்டுவது கிடையாது. சாயங்காலம் தொடங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். அந்த விதியில் ஓபனிங் மெதுவாக விரியும். யாரும் யாரையும் தொடாமல் ரொம்ப நேரம் அவரவர் படையை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி ஜான் காக்ரேனோடு ஆடிய ஆட்டங்களைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கண்ணில் படும். டி6, ஜி6 என்று சிப்பாயை ஓரடி மட்டும் வைத்து, பிஷப்பை ஜி7இல் உட்காரவைத்து, நடுக்களத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, பிறகு உடைக்கிறார். இன்று உலகமெங்கும் ஆடுகிற கிங்ஸ் இண்டியன் ஓபனிங்கின் வேர் அங்கே இருக்கிறது. நான் கறுப்பு ஆடினால் எப்போதும் கிங்ஸ் இண்டியன்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேம்சந்த் கதையில் இருவரும் வாள் எடுத்து ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ராய் அவர்களைச் சாகவிடவில்லை. நாடு போன பிறகு புது விதியில் மறுபடியும் ஆட உட்காருகிறார்கள். எது சரி என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ராயின் முடிவுதான் கனமாகத் தெரிகிறது. செத்துப்போனால் வெட்கப்பட யாரும் இல்லை.

---

தேரூர் வாசகன்

அக்கா எழுதியது அருமை. இன்னும் இரண்டு படம் சேர்க்கிறேன்.

பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’, 1957. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரன் கடற்கரையில் மரணத்தைச் சந்தித்து, ஒரு ஆட்டம் ஆடுவோம் என்கிறான். மரணத்துக்குக் கறுப்புக் காய் வருகிறது. பிற்பாடு தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்கிறபோது, பிஷப்பையும் குதிரையையும் சேர்த்து எப்படித் தாக்கப்போகிறேன் என்று உளறிவிடுகிறான். கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பது பாதிரியார் இல்லை, மரணமேதான். எல்லாரும் கடற்கரைக் காட்சியைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமானது கடைசிப் பக்கம் வருகிற ஒரு காட்சி. அவன் தன் அங்கியால் காய்களைத் தட்டிவிடுகிறான். மரணம் குனிந்து காய்களைப் பழைய இடத்தில் எடுத்து வைக்கிற அந்தச் சிறு நேரத்தில், ஒரு நாடோடிக் கூத்தாடி, அவன் மனைவி, குழந்தை மூன்று பேரும் தப்பிப் போய்விடுகிறார்கள். ஆட்டம் தோற்றாலும் அவன் ஆடியதற்கு அது பலன்.

அடுத்தது குப்ரிக்கின் ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’, 1968. விண்கலத்தில் ஃபிராங்க் பூல் என்ற விண்வெளி வீரர் ஹால் என்கிற கம்ப்யூட்டரோடு ஆடுகிறார். திரையில் தெரிவது 1910இல் ஹாம்பர்க்கில் ரோஷும் ஷ்லாகேயும் ஆடிய நிஜ ஆட்டம், ரூய் லோபஸ் ஓபனிங். ஹால் தன் வெற்றியை அறிவிக்கும்போது ராணி பிஷப் மூன்றுக்கு என்கிறது. பழைய குறிப்பு முறையில் அவரவர் பக்கத்திலிருந்துதான் கட்டத்தை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அது ஆறு. கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்கிறது, பூல் கவனிக்காமல் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறார். ஹால் பழுதாகிவருகிறது என்பதற்குப் படத்தில் முதல் அடையாளம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

---

வடசேரி வியாபாரி

தேரூர் தம்பி, படம் எடுக்கிறவர்கள் செஸ்ஸில் கவனக்குறைவாக இருப்பது புதிதா? ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’, 1963. ஆரம்பத்தில் வருகிற போட்டி ஆட்டம் 1960இல் லெனின்கிராடில் ஸ்பாஸ்கி பிரான்ஸ்டீனை வென்ற கிங்ஸ் கேம்பிட் ஆட்டம்தான். படத்தில் டி4, சி5 கட்டங்களில் இருக்க வேண்டிய இரண்டு வெள்ளைச் சிப்பாய்களைக் காணோம். அதற்கு ஏதாவது உள்ளர்த்தம் சொல்ல முடியுமா? ஹால் விஷயமும் வசனத்தில் நடந்த பிழையாக இருக்கலாம்.

---

தேரூர் வாசகன்

இயக்குநர் யார் என்று பார்க்க வேண்டும் அண்ணாச்சி. குப்ரிக் இளவயதில் நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்துப் பூங்காவில் காசுக்கு செஸ் ஆடியவர். படப்பிடிப்பு இடைவேளையில்கூட நடிகர்களோடு ஆடுகிறவர். நிஜமான ஒரு பழைய ஆட்டத்தைத் தேடி எடுத்து வைக்கிற மனிதர் கட்டத்தை மாற்றி எண்ணுவாரா? நான் நம்பவில்லை.

---

ஆசாரிபள்ளம் செஸ் மாஸ்டர்

நடுவில் புகுந்து ஒரு விஷயம். முட்டம் அண்ணன் சொன்ன ரிகா ஆட்டத்தை நேற்று இரவு முழுசாக ஆடிப் பார்த்தேன். காஸ்பரோவ் பழைய ஓபனிங்கை எடுத்தது எதிராளியை அவருக்குப் பழக்கமில்லாத இடத்துக்கு இழுத்துப்போக. ஆனந்தும் அதே வேலையை 2008இல் பான் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் செய்தார். அதுவரை பெரும்பாலும் ஈ4 ஆடியவர், கிராம்னிக்கோடு மோதும்போது டி4க்கு மாறினார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களைக் கறுப்பில் ஜெயித்தார், இரண்டிலும் செமி ஸ்லாவ் மெரான் ஓபனிங்தான். முதல் நகர்த்தலை மாற்றுவதில் 1972 உலக சாம்பியன் போட்டியை மறக்க முடியாது. ஏறக்குறைய எப்போதும் ஈ4 ஆடிய பாபி ஃபிஷர் ஆறாவது ஆட்டத்தில் சி4 ஆடி, குயின்ஸ் கேம்பிட்டுக்குள் போய் ஜெயித்தார். தோற்ற ஸ்பாஸ்கியே எழுந்து கைதட்டினார். தன்னைத் தோற்கடித்த ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டத் தெரிந்தவர் பெரிய ரசிகர். அந்த அளவுக்கு வேளிமலை அண்ணனோடு நான் ஒத்துப்போகிறேன்.

ஆனாலும் வகுப்பில் எண்ட்கேமைத்தான் முதலில் நடத்துவேன். மார்ஃபி ஆட்டத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுகிறேன், எட்டாவது நகர்த்தலில் நிறுத்தி என்ன ஆடுவீர்கள் என்று கேட்கப்போகிறேன்.

---

குழித்துறைக்காரி

இந்த இழையில் ஒருவர் பெயர் வராமல் போகக்கூடாது. மலையாள சினிமாவின் தந்தை என்கிற ஜே. சி. டேனியல் கடைசிவரை வாழ்ந்து 1975இல் இறந்தது நம் அகஸ்தீஸ்வரத்தில்தான். நிலத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். அவரே இயக்கம், அவரே கேமரா, அவரே நாயகன். பி. கே. ரோஸி என்ற தலித் பெண் கதாநாயகியாக நடித்தார். திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் படம் போட்டபோது அந்தப் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் கலாட்டா செய்தார்கள், ரோஸி ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. இன்று அந்தப் படத்தின் பிரதி இல்லை. நாம் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை.

மார்ஃபி ஆட்டத்தை வேளிமலை அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் மனதில் ஓடியது. 1858இல் ஒரு அரங்கில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஆடிய ஆட்டம் ஒரு நகர்த்தல்கூட விடாமல் நம் கையில் இருக்கிறது, ஒரு சீட்டில் எழுதிவைத்தால் போதும் என்பதால். நம் மண்ணில் வாழ்ந்த மனிதர் சொத்தை விற்று எடுத்த படம் இல்லை, ஃபிலிம் சுருளைக் காப்பாற்ற ஆளில்லை என்பதால். அதனால் இருக்கிற பழைய படங்களையாவது ரசித்துப் பார்ப்போம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் இயக்கிய ‘மணமகள்’, 1951, நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? என். எஸ். கிருஷ்ணன் என்றால் ஒரு சாலைப் பெயர் என்று நினைக்கிற பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக்காட்ட வேண்டியது நாம்தான்.

---

முட்டம் கரை

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கொட்டகையில் ஆடுகிற ஆட்டத்தையும் எழுதிவைக்க வேண்டும். எங்கள் பெரியப்பா ஆடிய ஆட்டம் ஒன்றும் இன்றைக்கு எங்களிடம் இல்லை. அவர் குதிரையை விட்டுவிட்டு ஜெயிப்பார் என்ற பேச்சு மட்டும் இருக்கிறது. இந்தத் தடைக்காலத்தில் ஒரு நோட்டு வாங்கி வைக்கப்போகிறேன்.

---

பதினொன்றாம் வகுப்பு (கருங்கல்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு விதிகள் தெரியும், ஓபனிங் ஒன்றும் தெரியாது. இந்த இழை முழுக்கப் படித்தேன். முட்டம் அண்ணன் சொன்ன எவன்ஸ் கேம்பிட் ஆடிப் பார்க்க ஆசை. தொடங்குகிறவன் ஆடலாமா? அதோடு, பார்க்க ஒரு படமும் சொல்லுங்கள், ரொம்ப நீளமாக இருக்கக்கூடாது.

---

வேளிமலை (தக்கலை)

தாராளமாக ஆடலாம் தம்பி. வரிசை இதுதான்: ஈ4 ஈ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 பிஷப் சி5, பி4. அவன் எடுத்தால் சி3. சிப்பாய் போய்விட்டதே என்று அதன் பின்னாலேயே ஓடாதே. சீக்கிரம் கோட்டை கட்டி, காய்களை வெளியே எடு. 1852இல் பெர்லினில் ஆண்டர்சன் டுஃப்ரேனோடு ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பார், அதுவும் எவன்ஸ் கேம்பிட்தான்.

படத்துக்கு ‘செஸ் ஃபீவர்’. 1925இல் வந்த ரஷ்ய ஊமைப்படம், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செஸ் பைத்தியம் பிடித்த ஒருவன் தன் கல்யாணத்தையே மறந்துவிடுகிறான். அந்த வருடம் மாஸ்கோவில் நடந்த பெரிய போட்டியில் எடுத்த காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள், காபபிளாங்கா தானாகவே நடித்திருக்கிறார். மாஸ்டர் சொன்ன சுல்தான் கான் தோற்கடித்த அதே காபபிளாங்கா.

---

பதினொன்றாம் வகுப்பு (கருங்கல்)

படம் பார்த்துவிட்டேன் அண்ணா, அந்த ஆளின் சட்டை, தொப்பி எல்லாமே கட்டம் போட்டது! ஒரு சந்தேகம். நான் பி4 வைத்ததும் எதிரே ஆடியவன் சிப்பாயை எடுக்கவில்லை, பிஷப்பை பி6க்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அப்போது என்ன செய்வது?

---

ஆசாரிபள்ளம் செஸ் மாஸ்டர்

ஏ4 ஆடு. அடுத்து ஏ5 தள்ளினால் அவன் பிஷப்புக்குப் போகப் பத்திரமான இடமில்லை, அதனால் பெரும்பாலும் ஏ6 ஆடி வழி வைத்துக்கொள்வான். நீ குதிரையை சி3க்குக் கொண்டுவந்து டி5 கட்டத்தைக் குறிவை. அவசரமில்லை, சிப்பாயும் போகவில்லை, ராணிப் பக்கம் இடமும் உனக்குத்தான் அதிகம். ஞாயிறு காலை வகுப்புக்கு வர முடிந்தால் வா, போர்டில் வைத்துக் காட்டுகிறேன்.